வீடியோ மேடமும் நானும்

அன்புச் செல்லத்துக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் பல்வலி இதற்குள் உன்னை விட்டுப் போயிருக்கும் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, வாய்தான் குறையவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாலு வருஷத்துக்கு முன் நம் படுக்கையறையில் உட்கார்ந்து இயற்பியல் பாடங்களை வீடியோ எடுத்தேனே, இனி வகுப்பில் அதையே ஓட்டினால் போதும் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்துவிட்டது. திரையில் நான் பாடம் நடத்துவேன், கீழே நானே ரிமோட்டும் கையுமாகக் காவல் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் அவளை வீடியோ மேடம் என்கிறார்கள், அவளுக்கு என்னைவிட மரியாதை அதிகம். "அந்த மேடத்தை நிறுத்த பட்டன் இருக்கு, எனக்கு அவங்களே போதும்" என்றார் அப்பா. அன்று முழுக்க அவரே டீ போட்டுக் குடித்தார்.

மூன்றாம் பாடத்தில்தான் வம்பு. எடுத்த அன்று அழைப்பு மணி அடித்த பதற்றத்தில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் போட்டிருக்கிறேன். வீடியோவை நிறுத்தி, கூட்டல்தான் என்று பலகையில் போட்டுக் காட்டினேன். முதல் வரிசை மாணவன் எழுந்து, "வீடியோ மேடம் கழிக்கணும்னு சொன்னாங்களே" என்றான். பிறகு பலகையைப் படம் பிடித்து செல்போனில் ஏஐயிடம் கேட்டுவிட்டு, "அது உங்க பக்கம்தான் பேசுது மேடம்" என்று பெரிய மனசு பண்ணினான்.

தேர்வு வந்தது. விடைக்குறிப்பையும் வீடியோவைப் பார்த்தே தயாரித்திருக்கிறார்கள். துறைத்தலைவரிடம் போனால், "மாத்தினா சிஸ்டம் ஒத்துக்காதுங்க" என்கிறார். சரியாக எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் போட எனக்குக் கை வரவில்லை. என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் வேறு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அறுபத்திரண்டு விடைத்தாளையும் கட்டி வைத்துவிட்டு, ஒரு மதிப்பெண்ணைக்கூடக் கணினியில் ஏற்றாமல் இருந்தேன். பன்னிரண்டாம் நாள், தேர்வு முடிவை வெளியிட முடியாமல் துறைத்தலைவரே மூச்சிரைக்க மாடியேறி வந்தார். விடைக்குறிப்பை மாற்றியாயிற்று, ஒப்பந்தத்திலும் கையெழுத்தாயிற்று, அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப எடுத்துக் கொடுங்கள் என்றார். கேமராவுக்கு எடுக்க மாட்டேன், வகுப்புக்கு எடுக்கிறேன் என்றேன்.

நேற்று எடுத்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும், கடைசி வரிசைப் பெண் கையைத் தூக்கி, "கொஞ்சம் பின்னாடி போங்க மேடம்" என்றாள். முதுகு பலகையில் இடிக்கும்வரை நகர்ந்தேன். வகுப்பே சிரித்தது. அவள் பின்னால் போகச் சொன்னது பாடத்தை! முதுகெல்லாம் சாக்பீஸ் தூளோடு நானும் சிரித்துவிட்டு, முதலிலிருந்து சொன்னேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் பண்ணு, சரியாகக் காதில் விழவில்லை என்பார், ஆனாலும் எதிர்பார்ப்பார். எந்தக் குறையும் அண்டாமல் நீ நன்றாயிருக்க வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா