உங்களை அழைத்துவர வண்டி ஓட்டப்போவது யார்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் என் பேத்தியும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம், உன் அக்கா வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம், மாடித் தொட்டி ஒழுகுவதை உன் அப்பா ஒருவழியாக அடைத்துவிட்டார், அடைத்த கதையைத் தெரு முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டார். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் போன் வந்தால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார், நான் எழுந்து சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருகிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதனால் வேலைக்கூடத்தில் சாப்பாட்டு வேளையில், நான் துணி வெட்டும் மேசையின் ஓரத்திலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அங்கங்கே நூல் ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

முதலில் உன் கதைக்கு வருகிறேன். கிடங்கில் வேலை முடிந்து வரும்போது பாலத்தின் மேல் உன் கார் வழுக்கிப் பாதி சுற்று சுற்றி நின்றதை அப்பாவிடம் மட்டும் சொல்லி, அம்மாவிடம் மூச்சு விடாதீங்க என்று வேறு சொன்னாயாம். அவர் வாயில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? அன்று சாயங்காலமே கொட்டிவிட்டார். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் இவ்வளவு தாமதமாகத் திட்டுகிறேன். நான் இப்போது லைசென்ஸ் வைத்திருப்பவள், ஆகையால் குறுக்கே பேசாமல் கேள். பாலத்துக்கு அடியிலும் காற்று போவதால் மற்ற ரோட்டுக்கு முன்பே அங்கே பனி உறைந்துவிடுமாம், பார்வைக்கு வெறும் ஈரம் போலத்தான் இருக்குமாம். பாலம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள், மேலே ஏறிய பிறகு பிரேக்கைத் தேடாதே. வழுக்கினால் பதறி மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து ஸ்டியரிங்கைப் பதமாகத் திருப்பு. எதிரே வருகிறவன் பெரிய விளக்கைப் போட்டுக் கண்ணில் அடித்தால் அவனோடு முறைத்துக்கொண்டு நிற்காதே, உன் பக்கத்து ஓரக் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போ. முன் கண்ணாடியை உள்பக்கமும் துடை, சின்ன வயதிலிருந்தே நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தை மட்டும்தான் நீ துடைப்பாய். தூக்கம் சொக்கினால் கொஞ்சம் படுத்துவிட்டுக் கிளம்பு, மருமகள் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் வீட்டில் பொழுது போகவில்லை என்று அப்பா உன்னிடம் சொன்னார், நீயும் சேர்ந்து சிரித்தாய். நிஜம் வேறு. போன மழைக்காலத்தில் ஒருநாள் உன் அக்கா வீட்டிலிருந்து இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சுத்தமாகக் குரல் இல்லை. வளைவு வருது, நாய் நிக்குது, முன்னாடி லாரி பிரேக் போடுறான் என்று ஏறியதிலிருந்து இறங்கும் வரை நான் சொல்லிக்கொண்டே வருவேன், அம்மா வாயாலேயே வண்டி ஓட்டுகிறாள் என்று நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை எழும்பவில்லை. பெட்ரோல் பங்க் தாண்டி ரோடு திரும்புகிற இடத்தில் ரோடுதான் திரும்பியது, உன் அப்பா திரும்பவில்லை, நேராகப் போகிறார். தோளைப் பிடித்து உலுக்கினேன். பிரேக்கை அழுத்தினார், வண்டி ஈரத்தில் இழுத்துக்கொண்டு போய்ப் பூட்டியிருந்த ஒரு கடையின் படியை உரசி நின்றது. அந்தப் படியில் ஒரு ஆள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், நீயே சொல். நான் திட்டுவதற்குள் அவர் என் மேல் பாய்ந்தார், "நீ ஏன் ஒண்ணும் சொல்லாம வர்ற?" என்று. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். வைப்பரை நிறுத்திவிட்டு, "நீ சொல்லிட்டு வந்தாத்தான் ராத்திரியில எனக்கு ரோடு புரியும்" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்கக்கூட எனக்குக் குரல் இல்லை. அப்புறம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வரவழைத்தோம், அவரிடம் உன் அப்பா டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

குரல் திரும்பியதும் விட்டேனா? டாக்டரிடம் வாருங்கள் என்றால், கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று இழுத்தடித்தார். லிஃப்டில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலே நிறுத்திப் பழுது என்று பலகை மாட்டுகிற மெக்கானிக் நீங்கள், மேல்மாடிக்காரர்கள் குய்யோ முறையோ என்று கத்தினாலும் கழற்ற மாட்டீர்கள், உங்கள் கண்ணுக்கு எந்தப் பலகையை மாட்டட்டும் என்று கேட்டேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிட்டால் பார்வை நன்றாக வந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை, அதுவரை இருட்டில் வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அதனால் நீ பதறாதே. அந்த வேலை முடியட்டும், இந்த வேலை முடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, இப்போது நீங்கள் வந்து போன பிறகுதான் என்கிறார், பேத்தி முதல்முதலாகப் பார்க்கும்போது கண்ணில் கட்டோடு நிற்க மாட்டாராம்.

நான் அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்த பெண் உன் அக்காவைவிடச் சின்னவள், ஆனால் நாக்கு நீளம், என்னை அவள் திட்டாத திட்டு இல்லை. மழை வந்தால் மற்றவர்களுக்கு லீவு, எனக்கு அன்றைக்குத்தான் வகுப்பு, நானே கேட்டு வாங்கினேன். அவள் வழுக்கலைப் பற்றிச் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. சாட்டின் துணியை அடுக்கிவைத்து மெஷினால் வெட்டும்போது வளைவில் வெடுக்கென்று இழுத்தால் அடித்துணி நழுவிவிடும், மேலே பார்க்க அழகாக இருக்கும், கீழே எல்லாம் கோணல். வருவதை முன்பே பார்த்து, கையை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஈர ரோடும் அதே குணம்தான். நெடுநாள் காய்ந்த பிறகு பெய்கிற முதல் தூறல்தான் மோசம், கிடக்கிற எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் மேலே வந்துவிடும். அப்போது முன்னால் போகிற வண்டியோடு ஒட்டி உறவாடக் கூடாது. இப்போது வேலைக்கூடத்திலிருந்து மழையோ இருட்டோ நானே ஓட்டி வருகிறேன். தற்பெருமை என்று நினைக்காதே, நான் நன்றாக ஓட்டுகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் காலடி மிதியடியைப் பிரேக் என்று நினைத்து மிதித்துக்கொண்டே வருவார், அந்த இடம் மட்டும் ஓட்டையாகிவிட்டது.

விஷயம் இதுதான். விமானம் இருட்டின பிறகுதான் இறங்குகிறது, இங்கே இப்போது தினமும் மழை. நீ டாக்ஸி வேண்டாம், நீங்களே வாங்கப்பா என்று சொல்லிவிட்டாய், அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். மற்ற நாளெல்லாம் இருட்டினால் சாவியைத் தொடாதவர் இந்த ஒருநாள் மட்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பகலில் பஸ் பிடித்துப் போய் விமான நிலைய ரோட்டின் வளைவுகளை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. வளைவு இருந்த இடத்தில் இருக்கும், நடுரோட்டில் நின்றுபோன லாரியை யார் மனப்பாடம் செய்வது? சண்டை போட்டுச் சாவியைப் பிடுங்க எனக்குத் தெம்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் வந்து இறங்குகிற அன்று அவர் முகம் சுருங்கி நிற்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை. எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது, அதைவிடப் பிரியம் அதிகமாக இருக்கிறது, என்ன செய்ய.

அதனால் நீ போன் பண்ணு. கண் விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பாப்பா புது இடத்தில் அழுவாள், அப்பா நீங்கள்தான் பின்னால் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், வண்டியை அம்மா ஓட்டட்டும் என்று கேள். நீ கேட்டால் தட்ட மாட்டார். குழந்தை இருக்கையை அக்காவிடம் வாங்கிப் பின்சீட்டில் இறுக்கிக் கட்டிவைத்துவிட்டேன். நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது பின்னால் எப்படிச் சிரித்தீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்பதெல்லாம் நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும், உங்களைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டுமே என்று அவர் ரோட்டை விட்டுத் திரும்பியே பார்த்ததில்லை. ரோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் பேத்தியைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.

மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், ஊர் வந்து சேரும் வரை கடவுள் துணை இருக்கட்டும். மருமகளிடம் என் அன்பைச் சொல், பேத்திக்கு ஒரு முத்தம். கிளம்பும் முன் உன் கார் டயரை மாற்றிவிடு, மாற்றிவிட்டேன் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன், படம் எடுத்து அனுப்பு.

என்றும் உன் நினைவில்,
அம்மா