எஞ்சின் நின்ற மத்தியானங்கள்

பாசமுள்ள சவரிமுத்து அண்ணே,

நீங்கள் போய் இருபத்தொரு நாளாகிறது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எஞ்சினைப் போடுகிறேன், ஆயில் பார்க்கிறேன், பார்த்ததை மறந்து திரும்பவும் போய்ப் பார்க்கிறேன். "என்னண்ணே, காலு தரையில நிக்க மாட்டேங்குது?" என்று களத்தில் நெல் துழாவுகிற பெண்கள்கூடக் கேட்டுவிட்டார்கள். உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதுதான் நிற்கவிடவில்லை.

எமர்ஜென்சிக்கு முந்தைய வருஷம் நினைவிருக்கிறதா? நம் புதுவயல் அரிசி மில்லில் காலை முறை எனக்கு, மத்தியான முறை உங்களுக்கு. உங்கள் முறையில் மட்டும் எஞ்சின் திடீர் திடீரென்று நின்றது. ஆயில் அழுத்தம் விழுந்தால் ஒரு சின்ன ஸ்விட்ச் கரண்டை நிறுத்தும். கரண்ட் நின்றால் டீசல் வால்வு தானே மூடிக்கொள்ளும். ஆனால் ஆயில் முள்ளோ சரியாகத்தான் நின்றது. அரைமணி கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

முதலாளி என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு, "எவனாவது கைவைக்கிறானா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஈஸ்டருக்கு லீவு தரலைன்னு சவரிமுத்து அண்ணன் கோவமா இருந்தாரு முதலாளி."

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமென்று தெரிந்தேதான் சொன்னேன். சந்தேகம் என் பக்கம் திரும்பிவிடுமென்ற பயமா? நல்ல வேலைக்காரன் என்று உங்களுக்கு இருந்த பெயர் மேல் பொறாமையா? இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

மறுநாள் களத்தில் எல்லார் முன்னாலும் முதலாளி, "எஞ்சினைக் கெடுத்தவன் இனி இந்த வாசல மிதிக்கக்கூடாது" என்றார். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டே போனீர்கள். ஏறி மிதிக்கவில்லை.

உங்கள் முறையையும் நானே பார்த்தேன். நாலாம் நாள் மத்தியானம், என் கண்ணெதிரே எஞ்சின் நின்றது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தேட ஆரம்பித்தேன். ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டி, வால்வில் கொடுத்து வைத்தேன். அடுத்தமுறை எஞ்சின் நின்றபோது பல்பும் அணைந்தது. வால்வுக்குக் கரண்ட் வரவில்லை. அதற்கு அடுத்த நாள், நின்ற வேகத்தில் ஸ்விட்சில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பல்பு எரிந்தது. அப்படியென்றால் கோளாறு நடுவிலுள்ள ஒயரில்.

வெளியே பார்த்தால் புது ஒயர் மாதிரி இருந்தது. விரல் விரலாக இழுத்துக்கொண்டே வந்தேன். புகைக்குழாயை ஒட்டி வளைகிற இடத்தில் ரப்பர் மட்டும் நீண்டது. கத்தியால் கீறினேன். உள்ளே செம்பு இழை அத்தனையும் அறுந்து, முனையோடு முனை தொட்டுக்கொண்டு கிடந்தது. காலையில் பாதி மெஷின்தான் ஓடும், குழாய் அவ்வளவாகக் காயாது. மத்தியானம் எல்லா மெஷினும் ஓடும்போது சூட்டில் முனைகள் விலகும்; ஆறினால் மறுபடி ஒட்டும். உங்கள் முறையில் மட்டும் நின்றதற்கு வேறு காரணமே இல்லை அண்ணே.

ஒன்பதாம் நாள் அந்த ஒயரை முதலாளி மேசையில் போட்டேன். "போய்க் கூட்டிட்டு வா" என்றார். செக்காலையில் உங்கள் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்து வந்தேன். நீங்கள் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லாட்டி எம்பேரு போயிருக்கும்டா தம்பி" என்றீர்கள்.

அப்போதாவது வாயைத் திறந்தேனா?

அதற்குப் பிறகு பார்க்கிற ஆளிடமெல்லாம் அதையே சொன்னீர்கள். மகள் கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். நீங்கள் போன அன்றும் சவப்பெட்டியைத் தூக்க என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "அப்பா பேரைக் காப்பாத்துனது நீங்கதான் சித்தப்பா" என்று உங்கள் மகன் தேம்பினான். அந்தப் பாரம் தோளைவிட்டு இறங்கவே இல்லை.

நேற்று உங்கள் வீட்டுக்கு, லூர்து மதினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். கை நின்றது.

"இதை அவரு இருக்கும்போதுல்ல சொல்லியிருக்கணும்? அந்த ஒம்பது நாளும் மனுசன் ஒரு வாய்ச் சோறு ஒழுங்காத் திங்கல. இப்ப எங்கிட்ட எறக்கி வச்சுட்டு நீக போயிருவீக. நான் எங்க கொண்டுபோயி எறக்குறது?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "மன்னிச்சேன்னு எல்லாம் சொல்ல மாட்டேன் தம்பி. களத்துல வச்சுத்தானே அவரை வெரட்டுனாக? அங்க போயிச் சொல்லுங்க."

நாளை மத்தியானம் முறை மாறும்போது இரண்டு முறை ஆட்களும் களத்தில் இருப்பார்கள். முதலாளியும் இருப்பார். ஒயரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். என் வாயைப் பற்றி நாளைக்குத் தெரிந்துகொள்ளட்டும். வேலை போனால் போகட்டும். மதினி வருவதாகச் சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் சொல்லிவிடுவேன் அண்ணே, இது சத்தியம்.

நீங்கள் தம்பி என்று நம்பிய,
கருப்பையா