பத்து நிமிட லேப்டாப்

தை 20, திங்கள்
காலையில் பனி. அறுத்த நெல் இன்னும் கூடத்தில் குவியலாக. கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரவில்லை. அடுப்படிக்குப் போவதே நெல்லைத் தாண்டித்தான்.

லேப்டாப் மறுபடி அணைந்தது. போட்டால் பத்து நிமிடம், கொதிக்கிறது, பொட்டென்று போய்விடுகிறது. எட்டு வருஷக் கிழம். மகள் வெண்ணிலாவின் பிராஜெக்ட் முழுக்க அதில்தான், மாட்டு மடி நோய் பற்றி. வெள்ளிக்கிழமை காலேஜில் கொடுக்க வேண்டும். வேறெங்கும் எடுத்து வைக்கவில்லையாம். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

இவர்: "புதுசு வாங்கிடுவோம். பழச தூக்கிக் குடுத்துடலாம்."

ஒரே செருப்பை மூன்று தடவை தைத்துப் போடுகிற மனுஷர்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் எங்க?" என்றேன். இவர் சிரிக்கவில்லை.

தை 21, செவ்வாய்
மன்னார்குடி போக. சோப்பு, கருவாடு, லேப்டாப் (?).

லேப்டாப் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ரிப்பேர் வேஸ்ட்டுங்க. மாத்திடுங்க."

"உள்ள இருக்கறது?"

"அதுக்கு நான் பொறுப்பில்லைங்க."

வெண்ணிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் மட்டும் புது லேப்டாப்பைத் தடவிக்கொண்டு நின்றார். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கருவாடு மறந்தாச்சு.

தை 22, புதன்
வெயில். வெண்ணிலா ஒரத்தநாட்டுக்கு, காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கூத்தாநல்லூரில் ரிப்பேர் கடை பாய் கைராசிக்காரர் என்றார்கள். இவர் வரமாட்டாராம், வயலில் வேலையாம். அறுத்த வயலில் என்ன வேலை? இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாய் திருகாணி கழற்றி, கவிழ்த்துத் தட்டினார். மேசையில் பொலபொலவென்று நெல். எண்ணினேன், எட்டு.

"அக்கா, உள்ள காத்தாடியவே சுத்தவிடாம அடைச்சிருக்கு. எப்படிப் போச்சு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ரோட்டைப் பார்த்தார்.

போன வார மழையில் லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்து நனைத்துவிட்டாராம். நனைந்த போனை அரிசியில் போடுவார்களே, அந்த யோசனை. அரிசிப் பானையில் கொள்ளவில்லை. கூடத்து நெல்லில் குழி பறித்துப் புதைத்திருக்கிறார்.

"அரிசியும் நெல்லும் ஒண்ணுதானே" என்கிறார்.

"தண்ணி விட்டிருந்தா நாலு லேப்டாப் முளைச்சிருக்குமே" என்றேன். பாய் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. அப்படிச் சிரிப்பு.

தூசி ஊதி, துடைத்து, மூடி, ஆன் பண்ணினார். பத்து நிமிடம். இருபது. அணையவில்லை. திரையில் எங்கள் செவலைப் பசுவின் மடி. இந்த ஜென்மத்தில் அவ்வளவு ஆசையாக ஒரு மடியைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தார். புதுசு வேண்டவே வேண்டாம், இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமாம்.

பஸ்ஸில் இவர் மெதுவாக: "புள்ளகிட்ட சொல்லிடாத. மானம் போயிடும்."

கருவாடு வாங்கியாச்சு.

தை 24, வெள்ளி
நேற்று பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பென்டிரைவை வைத்து வெண்ணிலா பிராஜெக்டைக் கொடுத்துவிட்டாளாம். போனில் குரலே வேறு. "எப்படிம்மா சரியாச்சு?"

"தூசிடி" என்றேன். பக்கத்தில் இவர் விட்ட மூச்சு ஒரத்தநாடு வரை கேட்டிருக்கும்.

வாயைத் திறக்க மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். எட்டு நெல்லும் அஞ்சறைப் பெட்டியில், சீரகத்துக்குப் பக்கத்தில், பத்திரம்.