நம்ம "லைட்டைப் போடு" ஊரெல்லாம் கேட்குது, மாப்ளே

அன்பு மாப்ளே சரவணா,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டு ஜெயித்துவிட்டது. "லைட்டைப் போடு" இப்போது போடி பஸ் ஸ்டாண்டில் கேட்கிறது. மதுரைக் கல்லூரி விழாக்களில் கேட்கிறது. மூணாறுக்குப் போகிற பைக்குக்காரர்கள் போடிமெட்டில் டீக்கு நிறுத்தினால் அங்கேயும் கேட்கிறது. போன வாரம் எஃப்.எம்.மில் ஒரு பெண் "போடிநாயக்கனூர் கொண்டை ஊசி குழுவினரின் ராக் பாட்டு" என்று அறிவித்தாள். ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். ராக் என்ற சொல்லும் நம் ஊர்ப் பெயரும் ஒரே மூச்சில் வந்ததை நீ கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்? வண்டிக் கூரை மேல் ஏறி ஆடியிருப்பாய்.

இந்தச் சேதியை முன்பே எழுதியிருக்கலாம். ஆனால் பாட்டு ஜெயித்த பிறகும் வீட்டில் எங்களுக்கு ஒரு பயம் பாக்கி இருந்தது. அது இப்போதுதான் தீர்ந்தது. நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய பிறகு எழுதுகிறேன். பாட்டு எப்படிப் பிறந்தது என்று யார் யாரோ கேட்கிறார்கள். உன்னிடம் பேசுகிற சாக்கில் சொல்லிவிடுகிறேன், அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தப் பனி நாள் உனக்கு மறந்திருக்காது. நான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்காரன். நீ போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் பச்சைக் காயைச் சூட்டறையில் பரப்பி உலர்த்துகிற ஆள். அன்று சாயங்காலம் காய் பறிக்கிற பெண்களோடு நீயும் என் வண்டியில் தொற்றிக்கொண்டாய். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பனி இறங்கி ரோடே தெரியவில்லை. எதிரே ஒரு லாரி விளக்கில்லாமல் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. வண்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள், "லைட்டப் போடு! ஏய், லைட்டப் போடுப்பா!" அவர்களில் மாரியக்கா ஜீப்பின் தகரத்தில் இரண்டு கையாலும் அடித்தாள். தட்தட், தட். தட்தட், தட்.

லாரி விளக்கைப் போட்டது, உரசாமல் போனது. எல்லோரும் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தோம். நீ மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாய்.

"மச்சான், மாரியக்கா அடிச்ச அடிய விட்டுராத. அதுல ஒரு பாட்டு இருக்கு."

"உசுரு தப்புனதே பெருசு. உனக்குப் பாட்டு கேக்குதாடா?"

"உசுரு தப்புனதுதான்டா பாட்டு."

போடி வந்து சேர்வதற்குள் பல்லவி வந்துவிட்டது. 'லைட்டைப் போடு, லைட்டைப் போடு, எதிரே நானும் மனுசன்தான்.' இதில் என்ன இருக்கிறது என்று அன்று நினைத்தேன். இப்போது விழா மேடையில் பதிவைப் போட்டு அந்த வரி வரும்போது எதிரே நிற்கிறவர்கள் அத்தனை பேரும் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், மாப்ளே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதிவு செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். சித்திரை மாதம், ஸ்டோரில் வேலை ஓய்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. முதலாளியிடம் கேட்டு நீ சாவி வாங்கி வைத்திருந்தாய். என் டிரம்ஸை ஜீப்பில் கட்டி மேலே ஏற்றினோம். கேரளப் பக்கம் பூப்பாறையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற நம் ஷிபு பேஸ் கிட்டாரோடும் லேப்டாப்போடும் வந்தான். உன் கிட்டார் சத்தம் உனக்குப் பிடிக்கவில்லை. "ரொம்ப மொழுமொழுன்னு இருக்குடா, சொரசொரப்பு பத்தல" என்று புலம்பினாய். அதற்கென்றே தேவாரம் ஊர் மைக்செட்காரரிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்த ஒரு பழைய குழாய் ஸ்பீக்கரை எடுத்தாய். திருவிழாவுக்கு மரத்தில் கட்டுவார்களே, அது. அதில் கிட்டாரைச் சொருகி ஒரு இழு இழுத்தாய். தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். ஷிபு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எடா, இது பாட்டோ, அரவை மில்லோ?"

"ரெண்டும்தான்டா" என்றாய்.

காய் பரப்புகிற மரத் தட்டுகள் அடுக்கடுக்காக நின்ற அந்த அறையில் சத்தம் சிதறாமல் கெட்டியாக நின்றது. ஏலக்காய் வாசம் மூக்கை அடைத்தது. முதல் தடவை நான் சொதப்பினேன். இரண்டாம் தடவை கரண்டு போனது. அடுத்து எடுத்ததில்தான் எல்லாம் கூடி வந்தது. ஆனால் கடைசிச் சரணத்தில் உன் குரல் உடைந்தது. நீ நிறுத்தவில்லை. உடைந்த குரலோடு கத்தி முடித்தாய். டிரம்ஸ் அடங்கிய பிறகு மைக் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இன்னொரு தடவ எடுப்போம் மச்சான், தொண்ட கட்டிருச்சு."

தொண்டை சரியானதும் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் நீ திரும்பப் பாடுவதாகப் பேச்சு. அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தங்களால் ஆனதை எல்லாம் செய்தார்கள். ரத்தம் கொடுக்க ஜீப் ஸ்டாண்டே வந்து நின்றது. நீ நிற்கவில்லை.

அதன் பிறகு நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? உன் அக்கா ஈஸ்வரி உன் பெயரை எடுக்கமாட்டாள். உன்னைப் பெற்ற அத்தை பேசுவதையே குறைத்துக்கொண்டது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். டிவியில் யாராவது கிட்டாரோடு வந்தால் ஈஸ்வரி ஓடிப்போய் அணைப்பாள். அந்தப் பாட்டு என் போனில் இருப்பது அவளுக்குத் தெரியும். "அத எங்கம்மா காதுல போட்டுராதீக. தாங்காது" என்று ஒரே தடவை சொன்னாள். நானும் ஷிபுவும்கூடக் கேட்கத் துணியவில்லை.

முதல் வருசத் திதி முடிந்த பிறகு ஷிபு அதைச் சென்னையில் ஒரு பாட்டுக் கம்பெனிக்கு அனுப்பினான். கம்பெனிக்காரர் கூப்பிட்டார். மரியாதையான மனிதர்தான்.

"டியூன் பிரமாதம் சார். அந்தக் கிட்டார் சத்தம் எங்க பிடிச்சீங்க? ஆனா குரல் உடையுது. நல்ல பாடகரை வச்சுக் குரலை மட்டும் மாத்திடலாம். எழுதுனது, இசை எல்லாத்துக்கும் அவர் பேரே வரும்."

போனை வைத்துவிட்டு ஈஸ்வரியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எனக்குக் குழப்பம். குரலை மாற்றினால் பாட்டாவது பிழைக்குமே என்று ஒரு மனம். நீ இல்லாமல் அது என்ன பாட்டு என்று ஒரு மனம். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கொஞ்ச நேரம் கழித்து அவளே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "போனக் கொண்டாங்க." வாங்கிக்கொண்டு வாசலில் நின்ற ஜீப்பில் போய் உட்கார்ந்தாள். ஹெட்செட்டை மாட்டியது தெரிந்தது. நான் கிட்டே போகவில்லை. பாட்டு முடிகிற நேரத்தைத் தாண்டியும் இறங்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். உள்ளே வரும்போது முகம் வீங்கியிருந்தது, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"குரல மாத்துனா அது அவன் பாட்டு இல்ல. கம்பெனிக்காரர்ட்ட வேணாம்னு சொல்லிருங்க. கடைசியில தொண்ட கட்டிருச்சுங்கிறான்ல, அதையும் வெட்டாதீக. இருக்கிறபடி போடுங்க."

"அத்தை கேட்டுட்டா?"

"அம்மா போன் பாக்காது, ரேடியோ கேக்காது. அத நான் பாத்துக்கிறேன்."

மதுரையில் ஒரு சவுண்டு என்ஜினியரிடம் கொடுத்து இரைச்சலைக் கொஞ்சம் தணித்தோம். அவர் இன்னும் தேய்த்துப் பளபளப்பாக்கப் பார்த்தார். ஷிபுதான் குறுக்கே விழுந்தான். "மதி சேட்டா, மதி. இனி தொடண்ட." போதும், இனி தொட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். நாங்களே நெட்டில் ஏற்றினோம். அதோடு சரி. ஜீப் ஸ்டாண்டு ஆட்களும் ஷிபுவின் சொந்தக்காரர்களும் கேட்டார்கள். வேறு ஈ காக்காய்கூடக் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்தது. குரங்கணி ஜீப் டிரைவர் ஒருவர் பனியில் வண்டி இறக்குவதை போனில் படம் எடுத்து, பின்னால் நம் பாட்டை வைத்துப் போட்டார். அவ்வளவுதான், மாப்ளே. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அதே மாதிரி போட ஆரம்பித்தார்கள். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, அந்தப் பக்கம் கேரளா. வண்டியே ஓட்டாத பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். குரலை மாற்றச் சொன்னாரே, அந்த உடைந்த இடத்தில்தான் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள். நீ கடைசியில் பேசுவதைச் சொல்லிக் காட்டாத காலேஜ் பையன் இல்லை. பாட்டை முதலில் கேட்ட அந்தச் சென்னைக்காரரே திரும்பக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு சார். இருக்கிறபடியே கொடுங்க" என்றார். கொடுத்தோம். அவர் வெளியிட்ட பிறகு ரேடியோ, டிவி என்று எங்கேயும் அதுதான்.

எங்களுக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் திகில். தெருவில் பாட்டு கேட்டால் ஈஸ்வரி ஜன்னலைச் சாத்துவாள். கோயிலுக்குப் போனால் டீக்கடை இல்லாத தெருவாகப் பார்த்து அத்தையைக் கூட்டிப்போவாள். எத்தனை நாளைக்கு முடியும்?

போன மாதம் அத்தையைக் கண் டாக்டரிடம் காட்ட ஈஸ்வரி தேனிக்குக் கூட்டிப்போனாள். நான் மெட்டுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தேன். போன் வந்தது. ஈஸ்வரிதான். "ஏங்க, திரும்பி வர்ற பஸ்ல பாட்டப் போட்டுட்டான். அம்மா கேட்டுருச்சு…" அதோடு சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், போகவில்லை. என்ன ஆனதோ, எங்கே மயங்கி விழுந்ததோ என்று லோடை அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். அந்த வளைவுகளில் நான் அப்படி ஓட்டியதே இல்லை. சொன்னால் நீ திட்டுவாய்.

வீட்டுக்குள் ஓடினேன். அத்தை நடுவீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரி சுவரில் சாய்ந்து சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நின்றாள். நடந்ததை அவள்தான் சொன்னாள்.

பஸ்சில் பாட்டு தொடங்கியதும் இவள் எழுந்து கண்டக்டரிடம் போயிருக்கிறாள். அதற்குள் நீ பாட ஆரம்பித்துவிட்டாய். அத்தை இவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்ததாம். பாட்டு முடிகிற வரைக்கும் அசையவில்லை. கடைசியில் நீ "தொண்ட கட்டிருச்சு" என்றதும் பஸ்சே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டதாம்.

"கட்டாம என்ன செய்யும்? இப்பிடிக் கத்துனா தொண்ட என்னத்துக்கு ஆகும்? சுக்கு வெந்நி வச்சுத் தாறேன்னா நின்னு குடிக்கிறானா இந்தப் பய?"

பின் சீட்டுப் பையன் ஒருவன், "யாரைப் பாட்டி திட்டுறீங்க?" என்று கேட்டானாம்.

"பாடுறான்ல, அவனத்தான். எம் மகன்."

கண்டக்டர் வந்து, "இன்னொருக்கப் போடவா ஆத்தா?" என்று கேட்டிருக்கிறார். போடி வரும்வரை அதே பாட்டுதான்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன். அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது: "மாப்ள, அவன் பாட்டு உங்க போன்ல இருக்காம்ல. இத்தன நாளா எனக்கு ஏன் போட்டுக் காட்டல?"

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் எதற்குப் பயந்துகொண்டிருந்தோம்? பாட்டைக் கேட்டு அத்தை ஒடிந்துபோகும் என்று நினைத்தோம். அதுவோ உன் சத்தம் கேட்காமல்தான் ஒடிந்து கிடந்திருக்கிறது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டது. உன்னைப் பற்றி ஓயாமல் பேசுகிறது, முக்கால்வாசி திட்டுதான். ஈஸ்வரி ஜன்னலைச் சாத்துவதில்லை. எனக்கும் பழையபடி தூக்கம் வருகிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அந்தச் சென்னைக்காரர் மறுபடி கூப்பிட்டார். அடுத்த பாட்டு கேட்கிறார். "சரவணன் குரலை கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அவரே பாடுற மாதிரி எத்தனை பாட்டு வேணாலும் எடுக்கலாம் சார். வித்தியாசமே தெரியாது." போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஈஸ்வரியும் ஷிபுவும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இல்லீங்க. அடுத்த பாட்டு ஷிபு பாடுவான். மலையாள வாடை அடிக்கும், பரவால்லயா?" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன், மாப்ளே. நீ பாடாத எதையும் உன் குரலில் பாட விடமாட்டோம். நீ சிரிக்காத சிரிப்பை உன் பேரில் எவனும் சிரிக்கமாட்டான். ஒரு பாட்டுத்தான் பாடினாய். அது முழுசும் நீ. எங்களுக்கு அது போதும். நீ நிம்மதியாக இரு, நாங்களும் நிம்மதியாக இருக்கிறோம்.

உன் அக்காளைக் கட்டியவன்,
உன் டிரம்ஸ்காரன்,
மச்சான் பாண்டி