நீலக் காரும் கலாவும்

ஜூன் 9, திங்கள். திண்டிவனம்

காலையிலேயே வெயில். மூன்று கிரயப் பத்திரம் எழுதினேன். ஒன்றில் சர்வே நம்பர் தப்பு, திரும்ப எழுதணும். கவனம் இல்லை.

கலா ஒலக்கூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள். கல்யாணமாகி எட்டு வருஷமா எனக்கு வேற பொம்பளை இருக்குன்னு சந்தேகம் அவளுக்கு. போன அன்னைக்கு என் பின்னாலேயே வந்து கார் ஷெட்டுக் கதவைத் திறந்துட்டா. உள்ளே நானும் நீலக் காரும்தான். சட்டை இல்லாமல், பானெட்டைக் கட்டிப்பிடிச்சுக் கன்னத்தை வைத்து.

“இதுகிட்டயா?” அவ்வளவுதான் கேட்டாள்.

வாங்கணும்: ரீபில், சோப்பு, டியூப்லைட்.

ஜூன் 11, புதன். விழுப்புரம்

பஸ்ஸில் போனேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் அரை மணி நேரம். பின் சீட்டு அம்மா போனில், “மொதல்ல சாப்புடு, சண்டை அப்புறம் போட்டுக்கலாம்.”

மனநல டாக்டர், ஐம்பது வயசு அம்மா. முதல் தடவையாகச் சொன்னேன். காலேஜ் முடிச்ச வருஷம், இருபத்திரண்டு வயசு, ஷோரூம் வாசலில் ஒரு காரின் பின்பக்க வளைவைப் பார்த்து உடம்பு சூடானது. பொண்ணுங்களைப் பார்த்து அப்படி ஆனதே இல்லை. எல்லாம் சரியாயிடும்னு கல்யாணம் பண்ணிக்கிட்டேன்.

டாக்டர் சிரிக்கலை. “இப்படி இருக்கிறவங்க இருக்காங்க. கார் உங்களை என்னைக்காவது வேணாம்னு சொல்லுமா?”

“சொல்லாதுங்க.”

“அந்த நிம்மதியும் ஒரு காரணமா இருக்கலாம்.”

இருக்கலாம். ஆனால் நிம்மதி மட்டும் இல்லை. ஆசைதான். அதை அவரிடம் சொல்ல வெட்கம்.

ஜூன் 14, சனி. ஒலக்கூர்

லேசான தூறல். கலா வாசலில் மல்லாட்டை உரிச்சு, கடலையை முறத்தில் போட்டுக்கினு இருந்தாள். மாமியார் கடைக்குப் போனதும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

முறத்தைத் தள்ளி வெச்சாள். அப்புறம், “நான் பாண்டில ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன், தெரியுமாங்க? தனியா. என் ஒடம்புலதான் ஏதோ கொறை, அதான் நீங்க கிட்ட வர்றதில்லன்னு.”

தெரியாது.

“காருன்னு அப்பவே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன், இல்ல அழுதிருப்பேன். என்னையே வெறுத்துக்கினு இருந்திருக்க மாட்டேன்.”

காரை வித்துடறேன் என்றேன்.

“வித்தா என்மேல ஆசை வந்துடுமா?”

முறத்துல இருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உரிச்சேன். பொய் சொல்ல வரலை. எட்டு வருஷம் தினமும் வந்தது.

ஜூன் 18, புதன். திண்டிவனம்

கலா போன். வக்கீலைப் பார்த்தாளாம், ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுக்கு.

“காரணம் கேட்டாரு. ஒத்துப்போகலன்னு சொல்லிட்டேன். காரைப் பத்தி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க அம்மாகிட்டயும் சொல்லல. நீங்க அந்த டாக்டர்கிட்ட போறத மட்டும் நிறுத்தாதீங்க.”

சரி என்றேன். மன்னிப்பு கேட்பதற்குள் வெச்சிட்டாள்.

ஷெட்டுக்குப் போகலை, ஆனால் போகணும்னு உடம்பு கிடந்து தவிக்குது. கலா போய் ஒரு மாசம் ஆகப் போகுது. அவளிடம் போகணும்னு ஒரு நாளும் இப்படித் தவிச்சதில்லை. அவ நல்லவ.