ஏழாவது முட்டை

அன்பு மனைவிக்கு,

நலமா? அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

சம்பளம் தராத கம்பெனியிலிருந்து ஓடிவந்து, ஆறு பேர் அறையில் ஏழாவதாக ஒளிந்திருக்கிறேன் அல்லவா? சம்பளத்தை விழுங்கியவன் முதலாளி. ஆனால் இந்த நாட்டுச் சட்டப்படி, ஓடிவந்தவன் பிடிபட்டால் ஜெயில் எனக்கு.

சும்மா இருப்பானேன் என்று, உன்னைப்போல வாரச் சமையலுக்குப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினேன். மளிகைச் செலவு பாதியானது. ஆனால் ‘புதன்: முட்டை ஏழு’ என்று எழுதித் தொலைத்தேன்.

நேற்று விடுதி சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டார். “ஆறு பேருக்கு ஏழு முட்டை எதுக்குடா?”

“எனக்கு ரெண்டு சார். உடம்பைப் பாருங்க!” என்றார் எங்கள் அறை வெல்டர் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கட்டிலுக்கடியில் வாயைப் பொத்திக் கிடந்தேன்.

இனி பட்டியலில் ஆறுதான். ஆளுக்கொரு வாய் எனக்குத் தருகிறார்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

படியில் காலடி கேட்கிறது, முடிக்கிறேன். பதில் போடு, உறையில் மட்டும் என் பெயரை எழுதிவிடாதே.