நான் திருகிவிட்ட முள்

இன்று காலை என் வீடு நூற்றைம்பது அடி உயர்ந்திருந்தது. கடலில் தாழ்வழுத்தம், வெளியே மழை. காற்றின் அழுத்தம் குறைந்ததும், உம் வீட்டிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் வைத்த உம்முடைய உயரமானி தான் மேலே ஏறிவிட்டதாக நம்பிவிட்டது. கை தானாகக் குமிழுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக் கருவிப் பணிமனையில் நீரும் நானும் இருபத்தாறு வருடம் ஒரே மேசை. விமானம் இறங்குமுன் அன்றைய அழுத்தத்துக்குத் திருகி வைக்காவிட்டால், தரை கிட்டே வந்த பிறகும் உயரம் மிச்சமிருப்பதாகவே இந்த முள் காட்டும். "அது பொய் சொல்லலை ஓய், அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்பீர். ஓய்வுபெற்றபோது, கழித்துப்போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கிக் கரமனை வீட்டுக்குக் கொண்டுபோனீர். மனைவி போனபின் தனியாக இருந்த வீட்டில், தினமும் பல் தேய்த்த கையோடு முள்ளை வீட்டின் உயரத்துக்குச் சரிசெய்வீர். கிறுக்கு என்று கேலி செய்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை போன் செய்தீர். "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு ஓய். பயப்பட ஒண்ணுமில்லை, நாளைக்கு ஒரு நடை வாரும்." வருகிறேன் என்றேன். செவ்வாயன்று பழவங்காடியில் வேலை முடிந்ததும் அலுப்பாக இருந்தது. போகவில்லை. புதன் விடியும்போது தாழ்வழுத்தம் வந்து மழை பிடித்துக்கொண்டது.

வியாழன் காலை உம் பக்கத்து வீட்டு அம்மாள் கூப்பிட்டார். "சாரே, எத்தனை தட்டியும் மாமா கதவு தொறக்கலை கேட்டோ. சீக்கிரம் வாங்கோ."

கதவை உடைத்தோம். "ஒரு நாளும் இருக்கலாம், ரெண்டு நாளும் இருக்கலாம்" என்றார் டாக்டர். ஆட்கள் உம்மைத் தூக்கும்போது, மேசைமேல் முள் தப்பாக நிற்பது கண்ணில் பட்டது. பழக்கதோஷம். போய்ச் சரியாகத் திருகிவிட்டேன்.

வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது. செவ்வாய் காலை நீர் கடைசியாகத் திருகியிருந்தால், புதன் விடியலில் இறங்கிய அழுத்தமும் சேர்ந்து முள் இருநூறு அடி தள்ளி நின்றிருக்கும். புதன் காலையும் திருகியிருந்தால், இருபது முப்பதுதான். எவ்வளவு தள்ளி நின்றது? நிச்சயம் இருநூறு என்று தோன்றும். சாப்பிட்டுக் கை கழுவும்போது, முப்பதுக்கு மேல் இருக்காது என்று தோன்றும். இன்றைய முள்ளைப் பார்த்ததும், அன்றைக்கும் இப்படித்தான் நின்றதோ என்று குழம்புகிறேன்.

புதன் காலை நீர் எழுந்தீர் என்றால், நான் வராதது வெறும் சோம்பல். எழவில்லை என்றால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத் தெரிந்தது உம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் வாயையும் நானே அடைத்துவிட்டேன்.